மூக்கறுபட்ட நாய்கள்

தமிழர்களாகிய நமக்கு மூக்கின் மேல் ஒரு தனி மதிப்பு உண்டு. பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள், "மூக்கும் முழியுமாக இருக்கிறாள்" என்று சொல்லிவிட்டால் அப்புறம் மறு பேச்சுக் கிடையாது. நாலு பேர் நடுவில் அவமானப்பட்டவனை, "மூக்கறுபட்டான்" என்கிறோம். இராமாயணத்தில் அவ்வளவு பெரிய யுத்தம் மூண்டதற்கே ஒரு மூக்கு அறுபட்டது முக்கிய காரணம். ஆனால் சூர்ப்பணகைக்காவது ஒரே கணத்தில் காரியம் முடிந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக, கத்தியை எடுக்காமல், ஒரு துளி இரத்தம் சிந்தாமல், கோப்பைகளும் பதக்கங்களும் கொடுத்துக் கைதட்டிக்கொண்டே ஒரு வாயில்லாப் பிராணியின் மூக்கை மனிதர்கள் அறுத்த கதை ஒன்று உண்டு. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பக், புல்டாக், பிரெஞ்சு புல்டாக், பெக்கினீஸ், ஷிட்சு என்றெல்லாம் பெயர் கொண்ட நாய்களை நேயர்கள் பார்த்திருப்பார்கள். முகம் சப்பை, கண்கள் பிதுங்கி நிற்கும், நெற்றியிலும் மூக்கின் மேலும் மடிப்பு மடிப்பாகத் தோல். பார்த்தவுடனே மனசு இளகிவிடும். கைக்குழந்தையின் முகத்தில் இருக்கும் அதே உருட்டுக் கண்ணும், அதே உப்பிய கன்னமும், அதே மொட்டை மூக்குமாக இருப்பதுதான் அந்த மயக்கத்துக்குக் காரணம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

இந்த விஷயத்தில் என் கவனத்தைத் திருப்பிய ஊர் பாப்பிரெட்டிப்பட்டி. சேலம் ஜில்லாவிலிருந்து 1965ஆம் வருஷத்தில் பிரிந்த தருமபுரி ஜில்லாவைச் சேர்ந்தது அது. ஒரு புறம் சேர்வராயன் மலை. இன்னொரு புறம் தூரத்தில் சித்தேரி மலை. ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கி வரும் வாணியாற்றுக்கு அங்கே ஓர் அணை உண்டு. மலையைப் பார்த்தவுடன் ஊரும் குளுகுளுவென்றிருக்கும் என்று தோன்றும். சித்திரை வைகாசியில் போனவர்களுக்குத்தான் உண்மை தெரியும். மலைமேல் இருப்பவர்கள் போர்வை தேடும் நேரத்தில், அடிவாரத்தில் இருப்பவர்கள் விசிறி தேடுவார்கள்.

அந்த ஊரில் என் நண்பர் ஒருவருக்கு மாந்தோப்பு இருக்கிறது. அவர் வீட்டில் ஒரு பக் நாய் வளர்ந்தது. வீட்டுக் குழந்தைகள் வைத்த பெயர் டாலி. ஆனால் தெருவில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "ஹட்ச் நாய்" என்பார்கள். அந்தப் பெயர் வந்த விதத்தைப் பிறகு சொல்கிறேன். நான் போயிருந்த அன்று டாலி திண்ணையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அது விட்ட குறட்டை உள்கட்டு வரையில் கேட்டது. குழந்தைகள் அதைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள்.

நண்பரின் தாயார் சிரிக்கவில்லை. "ஏந் தம்பி, நீங்க படிச்சவங்க. சொல்லுங்க. இது என்ன, வருசம் பூரா சளி புடிச்ச கொழந்தையாட்டமே இழுத்துக்கிட்டுக் கெடக்குது?" என்று என்னைக் கேட்டார்.

"அது அப்படித்தாம்மா. இந்தச் சாதிக்கு மூச்சே அப்படித்தான். கடைக்காரன் அன்னிக்கே சொன்னான்" என்றார் நண்பர்.

"சாதிக்கு ஒரு மூச்சாடா இருக்கும்?" என்றார் அந்த அம்மாள்.

நண்பர் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் மின்சாரம் நின்றுபோயிற்று. குழந்தைகள் தோப்பிலிருந்து வீட்டுக்கு ஓடி வந்தார்கள். டாலியும் பின்னோடு ஓடி வந்தது. ஒரு பர்லாங்கு தூரம்கூட இராது. வாசலுக்கு வந்ததும் நாலு காலையும் பரப்பிக்கொண்டு விழுந்தது. மூச்சு ரம்பம் அறுப்பதுபோல் இழுத்தது. சிவந்திருக்க வேண்டிய நாக்கு நீலமாய்ப் போயிற்று. தொட்டியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீரை மொண்டு ஊற்றி, பனை மட்டை விசிறியால் விசிறி, அப்புறம் ஈரத் துணியோடு மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கிருந்த டாக்டர் நல்ல மனுஷர். உஷ்ணத்தை எடுத்துப் பார்த்தபோது 106 டிகிரிக்கு மேல் இருந்தது. ஊசி போட்டு, மேலும் நனைத்து, ஒரு மணி நேரம் போராடி அதைப் பிழைக்க வைத்தார். "தண்ணீர் ஊற்றிவிட்டுக் கொண்டு வந்தீர்கள், அதனால்தான் பிழைத்தது. இது நோய் என்று நினைக்காதீர்கள். இதன் அமைப்பே இப்படி" என்றார்.

அமைப்பே இப்படி என்றால், அமைத்தது யார்? அம்மாள் கேட்ட கேள்விக்கும் டாக்டர் சொன்ன பதிலுக்கும் நடுவே ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைத் தேடிக்கொண்டு போனதில் சீனத்து அரண்மனை வரையில் போக வேண்டியதாயிற்று.

முதலில் மூக்கின் வேலையைப் பார்த்துவிடுவோம். நமக்கு வெயில் தாங்கவில்லையென்றால் உடம்பெல்லாம் வியர்க்கிறது. வியர்வை உலர்வதால் உடம்பு குளிர்கிறது. நாய்க்கு உள்ளங்காலைத் தவிர வேறெங்கும் பேர் சொல்லும்படி வியர்வை கிடையாது. அது நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் குளிர வேண்டும். நீண்ட மூக்கினுள்ளே சுருள் சுருளாக ஈரத் தசை பதித்த மெல்லிய எலும்புகள் இருக்கின்றன. காற்று அவற்றின் மேல் பட்டுப் போகும்போது ஈரம் ஆவியாகி இரத்தம் குளிர்கிறது. ஆக, நாயின் மூக்கு என்பது மோப்பம் பிடிக்கும் கருவி மாத்திரம் அல்ல. கோடைக்கென்று பிரம்மா கட்டிக் கொடுத்த தண்ணீர்ப் பந்தல்.

சப்பை முக நாயில் எலும்பு குறுகிவிட்டது. ஆனால் உள்ளே இருக்கும் சதை அதே அளவுக்குக் குறுகவில்லை. பெரிய வீட்டுச் சாமான்களை ஒண்டுக் குடித்தன அறையில் அடைத்ததுபோல் எல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கிறது. மூக்குத் துவாரங்கள் கீறல் போல் ஒடுங்கியிருக்கின்றன. மேல் அண்ணத்தின் மெல்லிய சதை நீண்டு தொங்கித் தொண்டையை அடைக்கிறது. சில நாய்களுக்கு மூச்சுக் குழாயே சிறுத்திருக்கிறது. ஒவ்வொரு மூச்சையும் பலவந்தமாக இழுப்பதால் நாளடைவில் குரல்வளையும் உள்நோக்கிச் சரிகிறது. குளிர்வதற்காக வேகமாக மூச்சு வாங்கினால், அந்த உழைப்பே மேலும் சூட்டை உண்டாக்குகிறது. நாம் குறட்டை என்று சிரிப்பது, உண்மையில், மூச்சுக்காக நடக்கும் ஒரு போராட்டம்.

மற்றக் கஷ்டங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீண்ட வாயில் இருக்க வேண்டிய 42 பற்கள் குட்டை வாயில் முட்டி மோதி முளைக்கின்றன. கண் குழி ஆழமில்லாததால் கண்கள் பிதுங்கி, எளிதில் புண்ணாகின்றன. தோல் மடிப்புகளில் ஈரம் தங்கிச் சீழ் வைக்கிறது. பார்க்க அழகாயிருக்கும் சுருள் வாலுக்குக் காரணமான கோணல் எலும்பு, முதுகுத் தண்டிலும் வந்துவிட்டால் பின்னங்கால் விழுந்துபோகக் கூடும். குட்டிகளின் தலை பெரிது. தாயின் இடுப்போ குறுகலானது. இங்கிலாந்தில் 2010ஆம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி புல்டாக், பிரெஞ்சு புல்டாக், பாஸ்டன் டெரியர் ஆகிய மூன்று இனங்களிலும் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட பிரசவங்கள் வயிற்றைக் கீறித்தான் நடந்தன. மனிதனுடைய கத்தி இல்லாவிட்டால் அடுத்த தலைமுறையே இல்லை என்ற நிலைக்கு ஓர் இனத்தைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம்.

இப்போது சரித்திரத்துக்கு வருவோம். சீனத்துச் சக்கரவர்த்திகளின் அரண்மனைகளில் குட்டை மூக்கு நாய்களை வெகு காலமாகச் சீராட்டி வளர்த்து வந்தார்கள். பக் நாய் ஐரோப்பிய வியாபாரிகளின் கப்பலேறி ஹாலந்துக்கும் அங்கிருந்து இங்கிலாந்துக்கும் போய்ச் சேர்ந்தது. ஹோகார்த் என்ற ஆங்கிலச் சித்திரக்காரர் 1745ஆம் வருஷத்தில் தம்மையும் தம் பக் நாயையும் சேர்த்து ஒரு படம் தீட்டினார். அந்தப் படம் இன்றும் லண்டனில் இருக்கிறது. நாயின் பெயர் டிரம்ப். அதன் முகத்தைப் பார்த்தால் ஆச்சரியமாயிருக்கும்: அதற்கு மூக்கு இருக்கிறது! நீளமில்லை, ஆனாலும் மூக்கு என்று சொல்லத்தக்க மூக்கு.

பெக்கினீஸ் வந்த கதை வேறு. 1860ஆம் வருஷத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து பீக்கிங் மீது படையெடுத்தார்கள். சக்கரவர்த்தியின் கோடை அரண்மனையைச் சூறையாடினார்கள். பிறகு எல்ஜின் பிரபுவின் உத்தரவுப்படி அதற்குத் தீ வைத்தார்கள். இந்த எல்ஜின்தான் அடுத்த இரண்டாவது வருஷம் நமக்கு வைஸ்ராயாக வந்தவர். அந்தப் படையெடுப்பில் நம்முடைய சென்னை ஸாப்பர்ஸ் படையும் போயிருந்தது. அரண்மனையில் கிடைத்த சிறு நாய்களில் ஒன்றை ஒரு ராணுவ அதிகாரி விக்டோரியா மகாராணிக்குக் காணிக்கையாக்கினார். அதற்கு வைத்த பெயர் 'லூட்டி'. 'லூட்' என்றால் இந்துஸ்தானியில் கொள்ளை. நம் நாட்டில் கற்றுக்கொண்ட வார்த்தையை, சீனத்தில் நடத்திய காரியத்துக்கு, வெட்கம் சிறிதுமின்றிப் பெயராகச் சூட்டினார்கள். லூட்டி 1872ஆம் வருஷம் வரையில் ராணியின் அரண்மனையில் வாழ்ந்தது.

புல்டாக் கதையோ இங்கிலாந்தின் சொந்தக் கதை. கட்டிப்போட்ட காளை மீது நாய்களை ஏவி வேடிக்கை பார்ப்பது அங்கே ஒரு காலத்துப் பொழுதுபோக்கு. 1835ஆம் வருஷத்தில் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். வேலை போன நாய்க்கு வேறு வேலை தேட வேண்டுமே! 1859ஆம் வருஷத்தில் நியூகாஸில் நகரத்தில் முதல் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873ஆம் வருஷத்தில் லண்டனில் கென்னல் கிளப் ஏற்பட்டது. அதன் பிறகு நாய் என்ன செய்கிறது என்பது போய், எப்படி இருக்கிறது என்பதே பிரதானமாயிற்று. இலட்சணம் இன்னதென்று ஏட்டில் எழுதி வைத்தார்கள். முகம் குட்டையாயிருக்க வேண்டும் என்று ஏடு சொன்னால், எல்லாவற்றிலும் குட்டையான முகத்துக்கே பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற நாய்க்கே குட்டிகள் பிறந்தன. அடுத்த வருஷம் அதைவிடக் குட்டையான முகம் வந்து நின்றது.

அத்துடன் இரத்த சுத்தம் என்ற பித்தும் சேர்ந்துகொண்டது. பதிவேட்டில் பெயர் உள்ள தாய் தகப்பனுக்குப் பிறந்தால்தான் மதிப்பு. ஆகையால் அண்ணனுக்குத் தங்கை, தகப்பனுக்கு மகள் என்று உள்ளுக்குள்ளேயே சேர்த்தார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 2008ஆம் வருஷத்தில் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, இங்கிலாந்திலுள்ள சுமார் 10,000 பக் நாய்களின் பரம்பரைச் செல்வம் வெறும் 50 நாய்களுக்குரிய அளவுதான் என்று தெரிந்தது. குலப் பெருமை பேசிப் பேசி உறவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு நேர் மாறான ஒரு செய்தி நம் இந்தியாவைப் பற்றியே இருக்கிறது. டார்வின் 1868ஆம் வருஷத்தில் வீட்டுப் பிராணிகளைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். இந்தியாவில் பல வருஷங்கள் வேலை பார்த்த பால்கனர் என்ற அறிஞர் சொன்ன விவரம் அதில் இருக்கிறது. சீமையிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட புல்டாக்குகள் இரண்டு மூன்று தலைமுறைக்குள் மூர்க்கம் குறைந்து, முன்தள்ளிய கீழ்த்தாடை மறைந்து, முகம் கூர்மையாகி, உடம்பும் மெலிந்துவிட்டனவாம். இதை டார்வின் தட்பவெப்பத்தின் விளைவாகக் கருதினார். அக்காலத்து வெள்ளைக்காரர்கள் இதைச் 'சீரழிவு' என்றார்கள். எனக்கு என்னவோ நல்லபடியாகத்தான் தோன்றுகிறது. பரிசு கொடுத்துச் சப்பை முகத்தைப் பொறுக்கியெடுக்க ஆளில்லாத இடத்தில், ஊர் நாயோடு கொஞ்சம் கலந்தும், வெயிலில் மூச்சு விட முடிந்த குட்டியே பிழைத்தும், நாய் மறுபடியும் நாயாகத் திரும்பியிருக்கலாம். அந்தப் பெரியவர்கள் சீரழிவு என்று வருத்தப்பட்டது, ஒருவேளை, அந்த நாய்களுக்குக் கிடைத்த விடுதலை.

அப்படி ஒரு முறை விடுதலை கிடைத்த தேசத்தில் இந்தச் சப்பை மூக்கு மறுபடியும் எப்படி வீட்டுக்கு வீடு வந்தது? இங்கேதான் 'ஹட்ச்' வருகிறது. 2003ஆம் வருஷத்தில் அந்தப் பெயருள்ள செல்போன் கம்பெனி ஒரு விளம்பரம் வெளியிட்டது. ஒரு சிறுவன் எங்கே போனாலும் ஒரு பக் நாய் குடுகுடுவென்று பின்னாலேயே போகும். நீ எங்கே போனாலும் எங்கள் இணைப்பு கூடவே வரும் என்பது கருத்து. ரொம்ப அழகான விளம்பரம். நானும் ரசித்துத்தான் பார்த்தேன். அதன் பிறகு தேசமெங்கும் பக் குட்டிக்குக் கிராக்கி ஏறிற்று. 2007ஆம் வருஷத்தில் அந்தக் கம்பெனியை வோடஃபோன் வாங்கியது; நாய் மட்டும் விளம்பரத்தில் தொடர்ந்தது. இன்று கம்பெனியின் பெயர் மாறி மாறி வேறொன்றாகிவிட்டது. ஆனால் பாப்பிரெட்டிப்பட்டித் தெருவில் நாய்க்கு அந்தப் பழைய பெயர் நிலைத்திருக்கிறது. கொள்ளையின் பெயரை ஒரு நாய்க்கு வைத்தார்கள் அன்று. கம்பெனியின் பெயர் ஓர் இனத்துக்கே ஒட்டிக்கொண்டது இன்று.

விளம்பரத்தில் நாய் நடந்து கொண்டேயிருந்தது. அது மூச்சு வாங்கிய சத்தம் மட்டும் நம் காதில் விழவில்லை.

இந்த நெடுங்காலத் தவற்றைத் திருத்த முடியுமா என்றால், சில தேசங்கள் முயன்று பார்க்கின்றன. 2008ஆம் வருஷத்தில் பி.பி.சி. காட்டிய ஒரு படம் இங்கிலாந்தில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. அடுத்த வருஷமே கென்னல் கிளப் தன் இலட்சண ஏட்டைத் திருத்த வேண்டி வந்தது. ஆனாலும் 2022ஆம் வருஷத்தில் அங்கே வெளியான ஆராய்ச்சி ஒன்று, மற்ற நாய்களைவிட பக் நாய்க்கு இந்த மூச்சடைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 54 மடங்கு என்று சொல்லிற்று. நெதர்லாந்து சர்க்கார் 2019ஆம் வருஷத்தில் ஓர் அளவே வகுத்துவிட்டது: மூக்கின் நீளம் தலையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் அந்த நாயை இனவிருத்திக்கு விடக் கூடாது. ஜெர்மனியில் சிலர் பக்கோடு நீண்ட மூக்குள்ள இனத்தைக் கலந்து, ஹோகார்த்தின் படத்தில் உள்ளது போன்ற பழைய முகத்தைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறார்கள்.

நம் தேசமும் சும்மா இருந்துவிடவில்லை. வியாபார இனவிருத்திக்காக வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வதை மத்திய சர்க்கார் 2016ஆம் வருஷத்தில் தடுத்தது. நாய் வளர்த்து விற்பவர்களுக்கென்று 2017ஆம் வருஷத்தில் விதிகள் வந்தன. தமிழ்நாட்டு அரசு 2024ஆம் வருஷத்தில் நாய் இனவிருத்திக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத, உடற்கோளாறு மிகுந்த சில அயல்நாட்டு இனங்களைப் பெருக்கக் கூடாது என்று அது கூறிற்று. பனிப்பிரதேசத்து ஹஸ்கியோடு பக், பிரெஞ்சு புல்டாக் இரண்டின் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தன. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகிய நம் நாட்டு இனங்களைப் பேண வேண்டும் என்றும் சொல்லியிருந்தது.

உடனே எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்கள் எல்லாரும் இரக்கமற்றவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நாயைக் குழந்தைபோல் வளர்க்கிறவர்கள் அவர்களில் உண்டு; அதையே பிழைப்பாகக் கொண்டவர்களும் உண்டு. தடை போட்டால் வியாபாரம் இருட்டுக்குப் போய்விடும், குட்டிகளின் நிலை இன்னும் மோசமாகும் என்று அவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் போகவில்லை. ஆனால் இந்த வியாபாரத்தின் ஆணிவேர் விற்கிறவனிடம் இல்லை, வாங்குகிறவனிடம் இருக்கிறது. சப்பை மூக்கு அழகு என்று நாம் பணம் கொடுக்கும் வரையில், யாராவது ஒருவன் எங்காவது ஒரு கொட்டகையில் இன்னும் சப்பையான மூக்கை உண்டாக்கிக்கொண்டுதான் இருப்பான். சட்டம் கண்காட்சியை நிறுத்தலாம். நம் கண்ணை அது திருத்த முடியுமா?

ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்ட நாய்களை என்ன செய்வது என்று நேயர்கள் கேட்கலாம். அவற்றை மேலும் நன்றாக வைத்துக்கொள்வதுதான் செய்யத்தக்கது. விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் மட்டுமே வெளியே அழைத்துப் போக வேண்டும். கழுத்துப் பட்டியை எடுத்துவிட்டு மார்போடு கட்டும் வாரைப் போட வேண்டும். ஆசையாகத் தின்னக் கொடுத்துப் பருக்க வைப்பது அன்பு அல்ல. அந்தக் கொழுப்பு தொண்டையைத்தான் மேலும் நெருக்கும். நாக்கு நீலமானால் முதலில் தண்ணீரை ஊற்றிக் குளிர வைத்து, பிறகு வைத்தியரிடம் ஓட வேண்டும். மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தவும் தொங்கும் அண்ணத்தைக் கத்தரிக்கவும் இப்போது சிகிச்சை இருக்கிறது, பலன் தருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்குக் குட்டி போட வைத்து விற்க ஆசைப்படக் கூடாது.

பாப்பிரெட்டிப்பட்டியைச் சுற்றியுள்ள நாடு நடுகற்களுக்குப் பேர் போனது. அரூர் தாண்டிச் செங்கம் பக்கம் போனால், எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு கல். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறக்குறைய 1,400 வருஷங்களுக்கு முன்பு நட்டது. எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் உருவத்தோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். திருடர் இருவரைக் கடித்து, விழுந்துவிட்ட எஜமானனுக்குக் காவலாக நின்றதாம். அதன் சாதி என்ன, அதன் தாய் தகப்பன் யார், முகத்தின் அளவு எத்தனை அங்குலம் என்று அந்தக் கல்லில் ஒரு வார்த்தையும் கிடையாது. பெயரையும், செய்த காரியத்தையும் மட்டும் வெட்டி வைத்தார்கள். அந்த ஊர் மக்களுக்கு ஒரு நாயைப் பற்றி அவ்வளவு தெரிந்தால் போதுமாயிருந்தது.